ஜூடி ஹாலிடேக்கு அந்த ஆஸ்கர் தகுமா?

கேள்வியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. 1951-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதை குளோரியா ஸ்வான்சனுக்கும் பெட்டி டேவிஸுக்கும் கொடுக்காமல் ஜூடி ஹாலிடே என்ற நகைச்சுவை நடிகைக்குக் கொடுத்தது சரியா? அவ்வளவு பெரிய விருதை வாங்கியவர் ஏன் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே படங்களில் நடித்தார்? இன்று அவரைப் பார்க்க விரும்புகிறவர் எந்தப் படத்தில் தொடங்குவது?

முதல் கேள்விக்குச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: சரிதான். இதனால் ‘ஆல் அபௌட் ஈவ்’ படத்தின் டேவிஸையோ ‘சன்செட் பொலிவார்ட்’ படத்தின் ஸ்வான்சனையோ நான் குறைத்து மதிப்பதாக எண்ண வேண்டாம். இரண்டும் ஆண்டுகள் எத்தனை போனாலும் மங்காத நடிப்பு. ஆனால் அந்த ஆண்டு விருதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்கிறவர்களில் பலர் ‘போர்ன் யெஸ்டர்டே’ படத்தைப் பார்த்ததே இல்லை. கீச்சுக் குரலில் பேசும் ஒரு அசட்டு அழகி, பெரிய நடிகைகளின் வாக்குகள் சிதறியதால் தப்பித் தவறி ஜெயித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒரே படத்துக்காக டேவிஸும் ஆன் பாக்ஸ்டரும் ஒரே பிரிவில் போட்டியிட்டதால் வாக்குகள் பிரிந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம்தான். வாக்கு எப்படிப் பிரிந்தது என்பதும் நடிப்பு எப்படி இருந்தது என்பதும் தனித்தனி விஷயங்கள். எனக்குப் பேச இருப்பது இரண்டாவதைப் பற்றி.

அதற்கு அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிய வேண்டும். இயற்பெயர் ஜூடித் டுவிம். 1921 ஜூன் 21 அன்று நியூயார்க்கில் ரஷ்ய யூதப் பின்னணி கொண்ட குடும்பத்தில் பிறந்தார். தாய் பியானோ கற்றுக்கொடுத்தார். தந்தை யூத அமைப்புகளுக்கும் சோஷலிச அமைப்புகளுக்கும் நிதி திரட்டும் வேலை பார்த்தார். அவர்கள் பிரிந்தபோது ஜூடி சிறுமி. பிறகு தாயோடு வளர்ந்தார். நிறையப் படித்த வீடு, அரசியல் பேசும் வீடு. பள்ளி நாட்களில் எடுத்த நுண்ணறிவுத் தேர்வில் அவர் 172 புள்ளிகள் பெற்றதாகச் சொல்வார்கள். அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த எண்ணைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அவருடைய நடிப்பைக் கவனித்துப் பார்க்கிறவருக்கு அந்த எண் தேவைப்படாது.

நடிகையாவது அவருடைய ஆசையாக இருக்கவில்லை. நாடகம் எழுதவும் இயக்கவும் விரும்பினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஆர்சன் வெல்ஸும் ஜான் ஹவுஸ்மனும் நடத்திய மெர்குரி தியேட்டரில் வேலை கிடைத்தது: டெலிபோன் சுவிட்ச்போர்டில் உட்கார்ந்து இணைப்புக் கொடுக்கும் வேலை. அங்கே மேடைக்கு வழி திறக்கவில்லை. வழி திறந்தது நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை விடுதியில். 1938-இல் பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன், ஆல்வின் ஹாமர், ஜான் ஃபிராங்க் ஆகியோரோடு சேர்ந்து ‘தி ரெவ்யூவர்ஸ்’ என்ற நகைச்சுவைக் குழுவைத் தொடங்கினார். மற்றவர்கள் எழுதியதை நடிக்க வேண்டுமானால் உரிமைத் தொகை கொடுக்க வேண்டும்; அதற்குப் பணம் இல்லாததால் தாங்களே எழுதினார்கள். செய்தித்தாள், சினிமா, விளம்பரம், ஹாலிவுட் பெரிய மனிதர்கள் என்று எல்லாவற்றையும் கேலி செய்யும் சிறு நாடகங்களும் பாட்டுகளும். சில இரவுகளில் இவர்களுக்குப் பியானோ வாசித்த இளைஞர், பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான லியோனார்ட் பெர்ன்ஸ்டைன். அப்போது அவர் பெயரை யாரும் அறியமாட்டார்கள்.

ஜூடி ஹாலிடேயின் நடிப்புப் பயிற்சி இதுதான். வாரந்தோறும் புதிதாக எழுதி, மேசைக்கு மேசை சத்தமாக இருக்கும் கூட்டத்தின் முன் நின்று, எந்த அசைக்குச் சிரிக்கிறார்கள், எந்த இடைவெளிக்குச் சிரிக்கிறார்கள் என்று நேருக்கு நேர் கற்றுக்கொண்டது. பின்னாளில் அவர் படங்களில் ஒரு வசனத்தைச் சொல்வதற்கு முன் அரை நொடி நிறுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நிலவறைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அங்கே சம்பாதித்த காது அது.

1943-இல் குழு ஹாலிவுட்டுக்குப் போனது. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் ‘கிரீன்விச் வில்லேஜ்’ என்ற படத்தில் குழுவை நடிக்க வைத்து, பெரும்பகுதியை வெட்டி எறிந்தது. நிறுவனத்துக்கு வேண்டியிருந்தது ஜூடி மட்டும். டுவிம் ஹாலிடே ஆனது இந்தக் கட்டத்தில்தான். சில சிறு வேடங்கள் கிடைத்தன. அவற்றில் குறிப்பிடத்தக்கது 1944-இல் ஜார்ஜ் கியூக்கர் இயக்கிய ‘விங்ட் விக்டரி’யில் ஒரு போர்வீரனின் மனைவியாக வந்தது. கியூக்கர் இவரை மறக்கவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து இன்னும் நான்கு படங்கள் செய்தார்கள். ஃபாக்ஸ் மறந்துவிட்டது. ஜூடி நியூயார்க் திரும்பினார். இடையில் காம்டனும் கிரீனும் பெர்ன்ஸ்டைனோடு சேர்ந்து ‘ஆன் தி டவுன்’ இசைநாடகத்தை 1944 இறுதியில் மேடையேற்றிப் புகழடைந்திருந்தார்கள். பழைய தோழர்கள் உயரத்தில் இருக்க, இவர் வேலை தேடிக்கொண்டிருந்தார். 1945-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் ‘கிஸ் தெம் ஃபார் மீ’ நாடகத்தில் ஒரு துணைவேடம் கிடைத்தது. நாடகம் ஓடவில்லை, ஆனால் இவருக்கு வளரும் நடிகருக்கான கிளாரன்ஸ் டெர்வென்ட் விருது வந்தது.

அடுத்து நடந்தது நாடக உலகம் இன்றும் பேசும் கதை. கார்சன் கானின் எழுதிய ‘போர்ன் யெஸ்டர்டே’ நாடகம் நியூயார்க்குக்கு வருமுன் வெளியூர்களில் வெள்ளோட்டத்தில் இருந்தது. கதாநாயகி ஜீன் ஆர்தர், அன்றைய பெரிய சினிமா நட்சத்திரம். அவர் உடல்நலமில்லை என்று விலகிவிட, கானின் யாரும் எதிர்பாராத ஜூடியை அழைத்தார். மேடையை விட்டு ஏறக்குறைய இறங்காத அந்தப் பெரிய வேடத்தை மூன்று நாளில் மனப்பாடம் செய்து ஃபிலடெல்ஃபியாவில் மேடை ஏறினார். 1946 பிப்ரவரி 4 அன்று பிராட்வேயில் லைசியம் அரங்கில் நாடகம் தொடங்கியது. 1,642 காட்சிகள் ஓடியது.

அந்த நாடகத்தின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால்தான் ஜூடி செய்தது என்னவென்று விளங்கும். பழைய இரும்பு வியாபாரத்தில் கோடீஸ்வரனான ஹாரி பிராக், சட்டத்தைத் தன் வசதிக்கு வளைக்க ஒரு அரசியல்வாதியை விலைக்கு வாங்க வாஷிங்டன் வருகிறான். கூடவே பில்லி டான். முன்பு நாடகக் குழுவில் ஆடியவள், இப்போது அவனுடைய ஆசைநாயகி. வரியையும் வழக்கையும் தவிர்க்கத் தன் நிறுவனங்களில் பலவற்றை அவள் பெயரில் எழுதி வைத்திருக்கிறான். காகிதங்களை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடுவாள். பெரிய மனிதர்கள் முன் அவள் பேச்சு மானத்தை வாங்குகிறது என்று, அவளுக்கு நாகரிகம் கற்றுக்கொடுக்க ஒரு பத்திரிகையாளனைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறான். அவள் படிக்கத் தொடங்குகிறாள். படிக்கப் படிக்க, தான் இதுவரை எதில் கையெழுத்துப் போட்டோம் என்று கேட்கத் தொடங்குகிறாள். இனிப் போட மாட்டேன் என்கிறாள்.

இந்த வேடத்தைச் சாதாரணத் திறமை உள்ள நடிகை ஒருத்தி எடுத்தால் முதல் பாதி முழுவதும் முட்டாளாகவும் இரண்டாம் பாதி முழுவதும் அறிவாளியாகவும் நடிப்பாள். இடையில் கண்ணாடி போட்டுக்கொள்வதுதான் மாற்றத்தின் அடையாளமாக இருக்கும். ஜூடியின் பில்லி முதல் காட்சியிலேயே அறிவுள்ளவள். அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அந்த உண்மை நமக்குத் தெரியவரும் இடம் சீட்டாட்டக் காட்சி. பில்லியும் பிராக்கும் ஜின் ரம்மி ஆடுகிறார்கள். ஏறக்குறைய வசனமே இல்லை. அவள் சீட்டுகளை வாங்கி, சட்சட்டென்று வரிசை மாற்றிச் செருகி, பழைய பாட்டொன்றை ராகம் தப்பாமல் முணுமுணுத்து, எதிரில் இருப்பவன் பொறுமை இழப்பதைக் கவனிக்காதவள் போல் ஆடி, ஒவ்வொரு ஆட்டத்தையும் ஜெயிக்கிறாள். கையில் என்ன இருக்கிறது, எதிராளி எதை எறிந்தான், எதற்காகக் காத்திருக்கிறான் என்று அந்தக் கண்களுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. ‘அசடு’ என்று ஊர் முத்திரை குத்திய பெண்ணுக்கு எவ்வளவு கூர்மையான மூளை என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் காட்டிவிடுகிறார். பிறகு அவள் புத்தகம் படிப்பதும் சட்டம் பேசுவதும் நமக்கு வியப்பாகவே இல்லை.

இதில் குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பில்லியின் குரல் மூக்கால் வரும், உயரத்தில் நிற்கும், தட்டையான நியூயார்க் குரல். அது ஜூடியின் சொந்தக் குரல் அல்ல. பின்னாளில் அவர் பதிவு செய்த பாட்டுகளில் கேட்கும் குரல் தாழ்ந்த, மென்மையான குரல். படத்தின் கடைசிப் பகுதியைக் கவனித்துக் கேளுங்கள். பில்லி படித்தவளாகிவிட்டாள் என்பதற்காக ஜூடி அந்த உச்சரிப்பைத் திருத்தவில்லை. அதே குரல், அதே மூக்கொலி. ஆனால் வாக்கியங்களின் நடை மாறுகிறது. முன்பு பேச்சு யாருக்கோ பதிலாகவே வரும். இப்போது அவளாகத் தொடங்கி அவளாக முடிக்கிறாள். சிரிக்க வைத்துக்கொண்டே, ஒரு மனம் விழித்துக்கொள்வதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய நடிப்பு ஹாலிவுட்டில் மிகக் குறைவு என்பதே என் கட்சி. ஆஸ்கர் தகும் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனால் அந்தப் படத்தில் நடிக்கவே அவருக்கு வாய்ப்பு இல்லாமல் போயிருக்கும். கொலம்பியா நிறுவனத்தின் அதிபர் ஹாரி கோன், நாடகத்தின் உரிமையைப் பத்து லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். அன்றைக்கு அது யாரும் கேள்விப்படாத தொகை. வாங்கிய பிறகு, வேடத்துக்கு ஜூடி வேண்டாம் என்றார். பிராட்வேயில் மூன்று ஆண்டுகள் ஊரையே கட்டிப்போட்ட நடிகையைத் தோற்றத்தையும் பிறப்பையும் சொல்லி ஒதுக்கினார். கோனைச் சம்மதிக்க வைக்க ஜூடியின் நண்பர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கானினும் அவர் மனைவி ரூத் கார்டனும் கேதரின் ஹெப்பர்ன், ஸ்பென்சர் டிரேசி ஜோடிக்காக ‘ஆடம்ஸ் ரிப்’ திரைக்கதையை எழுதியிருந்தார்கள், இயக்கம் கியூக்கர். அதில் துரோகம் செய்த கணவனைச் சுட்டுவிட்டு வழக்கில் நிற்கும் டோரிஸ் அட்டிங்கர் என்ற பெண்ணின் வேடத்தை ஜூடிக்குக் கொடுத்தார்கள்.

சிறையில் வழக்கறிஞராக ஹெப்பர்ன் அவரைச் சந்திக்கும் காட்சி ஒன்று வருகிறது. பல நிமிடங்கள், வெட்டே இல்லாத ஒரே ஷாட். கேமரா நகராது. ஹெப்பர்ன் ஓரமாக, ஏறக்குறைய முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க, பார்வை முழுவதும் ஜூடியின் முகத்தில் விழுகிறது. அன்று காலையிலிருந்து என்ன நடந்தது என்று அவள் சொல்கிறாள்: துப்பாக்கி வாங்கியதையும், பசித்ததால் சாப்பிட்டதையும் ஒரே குரலில். சிரிப்பு வருகிறது, சிரித்த மறுகணம் நெஞ்சு கனக்கிறது. ஹெப்பர்ன் உச்ச நட்சத்திரம். கேமராவைத் தன் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கலாம். அவர் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார். படத்தை ஜூடி தட்டிக்கொண்டு போகிறார் என்று பத்திரிகைகளுக்குச் செய்தி போவதையும் நண்பர்களே பார்த்துக்கொண்டார்கள். 1949-இல் படம் வெளிவந்தபோது கோன் இறங்கி வந்தார். திரையுலகில் ஒருவரை ஒருவர் மிதிக்கும் கதைகளையே அதிகம் கேட்கிறோம். நான்கு பெரிய கலைஞர்கள் கூடி ஐந்தாவது கலைஞருக்கு வழிவிட்ட இந்தக் கதையை நான் கேட்பவரிடமெல்லாம் சொல்வேன்.

‘போர்ன் யெஸ்டர்டே’ படமாக்கத்தில் கியூக்கர் இன்னொரு நல்ல காரியம் செய்தார். படப்பிடிப்புக்கு முன் நடிகர்களை வைத்து, ஸ்டூடியோ ஊழியர்கள் முன்னிலையில் நாடகமாக நடத்திப் பார்த்தார். எங்கே சிரிப்பு வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று குறித்துக்கொண்டு அதற்கேற்ப இடைவெளி விட்டுப் படமெடுத்தார். திரையில் பிராக்காக பிராடெரிக் கிராஃபர்டும் பத்திரிகையாளனாக வில்லியம் ஹோல்டனும் வந்தார்கள். 1951 மார்ச் 29 அன்று ஹாலிவுட்டில் விருது விழா நடந்தபோது ஜூடி அங்கே இல்லை; நியூயார்க்கில் ஒரு விடுதியில், நடிகர் ஹோசே ஃபெரர் ஏற்பாடு செய்த விருந்தில், வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தார். அதே இடத்தில் குளோரியா ஸ்வான்சனும் இருந்தார். ஃபெரருக்குச் சிறந்த நடிகர் விருது, ஜூடிக்குச் சிறந்த நடிகை விருது. ஜூடிக்கு அப்போது வயது 29.

இரண்டாவது கேள்வி: பிறகு ஏன் இவ்வளவு குறைவான படங்கள்? ஆஸ்கர் படத்தையும் சேர்த்து முதன்மை வேடத்தில் அவர் நடித்தவை ஏழே ஏழு. காரணம் ஒன்றல்ல. அவருக்கு ஹாலிவுட் பிடிக்கவில்லை, நியூயார்க்கை விட்டு நகர விரும்பவில்லை, மேடையை விட மனமில்லை. 1948-இல் கிளாரினெட் கலைஞர் டேவிட் ஓபன்ஹைமை மணந்தார். 1952-இல் மகன் பிறந்தான். அந்தத் திருமணம் ஐம்பதுகளின் இறுதிக்குள் முறிந்தது. இவை ஒரு பக்கம். மறுபக்கம் அரசியல்.

1950 ஜூனில் ‘ரெட் சேனல்ஸ்’ என்ற சிறு நூல் வெளிவந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கம்யூனிஸ்டு ஆதரவாளர்கள் என்று சொல்லி 151 பேரின் பெயர்களை அது பட்டியலிட்டது. அதில் ஜூடியின் பெயரும் இருந்தது. நிதி திரட்டும் கூட்டங்களில் கலந்துகொண்டது, மனுக்களில் கையெழுத்திட்டது, வாழ்த்துச் செய்திகளில் பெயர் கொடுத்தது போன்றவையே ‘ஆதாரம்’. கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை விசாரித்தது. அவர் கட்சி உறுப்பினர் என்பதற்கு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் என்ன? சில ஊர்களில் அவர் படம் ஓடிய அரங்குகள் முன் மறியல் நடந்தது. தொலைக்காட்சியும் வானொலியும் அவரை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அழைக்கவில்லை. கொலம்பியா தன் முதலீட்டைக் காப்பாற்ற முனைந்தது. ‘ரெட் சேனல்ஸ்’ நூலை வெளியிட்ட குழுவில் முன்பு இருந்த ஒருவரையே, ஜூடியின் பெயரைச் சுத்தப்படுத்தக் கூலிக்கு அமர்த்தியது. அந்தக் காலத்தின் கேவலத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும்.

1952 மார்ச் 26 அன்று செனட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழு முன் அவர் சாட்சியம் அளித்தார். கூடவே வழக்கறிஞராக முன்னாள் கூட்டாட்சி நீதிபதி சைமன் ரிஃப்கைண்ட். அங்கே போகிறவர்களுக்கு அன்று இரண்டு வழிகள்தான் இருந்தன. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்ற அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி வாய் மூடினால் வேலை போகும். நண்பர்களின் பெயர்களைச் சொன்னால் வேலை நிற்கும். குழுவுக்கு வேண்டியிருந்தது பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் போன்ற பழைய தோழர்களைப் பற்றிய வாக்குமூலம்.

ஜூடி பேசினார். நிறையப் பேசினார். கேள்விக்குப் பக்கவாட்டில் பேசினார், பாதியில் திரும்பினார், மறந்துவிட்டது என்றார், தன்னைப் பற்றித் தானே ஆள் வைத்து விசாரித்துப் பார்த்தேன் என்றார். இப்போதெல்லாம் புற்றுநோய், போலியோ, மூளை முடக்குவாதம் இவற்றுக்கான நிதியைத் தவிர வேறு எதற்கும் சரி என்று சொல்வதில்லை என்றார். பொறுப்பில்லாமலும் முட்டாள்தனமாகவும் நடந்துகொண்டேன் என்று தன்னையே குறைத்துச் சொன்னார். நண்பர்களைப் பற்றிக் கேட்டபோது, அவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல என்று தன்னைத் தவிர வேறொருவரைப் பற்றி எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு உறுதியாகச் சொன்னார். ஒரு பெயரையும் காட்டிக்கொடுக்காமல் வெளியே வந்தார்.

செனட்டர்கள் எதிரே பார்த்தது பில்லி டானை. அந்தப் பெண்ணை எழுதியவர் கானின்; ஆனால் அவளை அந்த அறையில் அவ்வளவு நேரம், எழுதிய வசனம் இல்லாமல், கையெழுத்துப் போடாமல் உட்கார வைத்தவர் ஜூடி. இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் முட்டாள் என்று அரசாங்க ஆவணத்தில் பதிவு செய்துகொள்ள ஒரு அறிவாளிப் பெண் கொடுத்த விலை அது. பிறகு ஒரு நண்பருக்கு எழுதும்போது, பில்லியாக நடித்ததற்காக என்னைப் பற்றி வெட்கப்படுகிறாயோ என்னவோ, ஆனால் பெயர்களைச் சொல்லாததால் என்னைப் பற்றி எனக்கு வெட்கமில்லை என்ற பொருளில் எழுதினார். அதே பட்டியலில் இருந்த நடிகர் ஃபிலிப் லோப் தன் தொலைக்காட்சித் தொடரை இழந்து 1955-இல் தற்கொலை செய்துகொண்டார். ஜூடி எதைத் தாண்டி வந்தார் என்பதை அந்த மரணத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

படங்கள் தொடர்ந்தன. 1952-இல் வந்த ‘தி மேரியிங் கைண்ட்’ அவர் படங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது. என் கணிப்பில் ‘போர்ன் யெஸ்டர்டே’க்கு அடுத்து வைக்க வேண்டியது. விவாகரத்து கேட்டு வந்த தம்பதி நீதிபதியிடம் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். கணவன் தபால் துறை ஊழியன், ஆல்டோ ரே. நகைச்சுவைப் படம் என்று உட்கார்ந்திருப்போம். விடுமுறை நாளில் குடும்பத்தோடு வெளியே போன இடத்தில், அவள் யூகலேலி என்ற சிறு கித்தாரை வாசித்துப் பாடிக்கொண்டிருக்கும்போது, பின்னால் ஆட்கள் ஓடுகிறார்கள். அவர்கள் மகன் நீரில் மூழ்கி இறந்துவிடுகிறான். பாட்டு நிற்கும் கணத்தில் அந்த முகத்தைப் பாருங்கள். அதன் பிறகு நீதிபதி அறையில் அவள் உடைந்து அழும் காட்சி, நகைச்சுவை நடிகை என்ற அடைமொழியை அவர் பெயருக்கு முன்னால் போடவே கூச வைக்கும்.

1954-இன் ‘இட் ஷுட் ஹேப்பன் டு யு’ அதற்கு நேர்மாறான உற்சாகம். நியூயார்க்கில் வேலை இழந்த கிளாடிஸ் குளோவர் என்ற பெண், கொலம்பஸ் சர்க்கிளில் காலியாகக் கிடக்கும் விளம்பரப் பலகையைச் சேமிப்புப் பணத்தில் வாடகைக்கு எடுத்துத் தன் பெயரை மட்டும் எழுதி வைக்கிறாள். விற்க எந்தப் பொருளும் இல்லை, பெயர் மட்டும். ஊர் பேசத் தொடங்குகிறது, தொலைக்காட்சி அழைக்கிறது. எதையும் செய்யாமல் பிரபலமாவது என்ற நோயை இவ்வளவு முன்னதாகப் பிடித்த படம் இது. ஜாக் லெம்மனுக்குத் திரையில் கிடைத்த முதல் பெரிய வேடமும் இதில்தான். இருவரும் பியானோ அருகில் சேர்ந்து பாடும் காட்சி மிக இயல்பானது. அதே ஆண்டு லெம்மனோடு நடித்த ‘ஃப்ஃப்ட்’ சுமார்.

1956-இன் ‘தி சாலிட் கோல்ட் கேடிலாக்’ படத்தில் பெரிய நிறுவனமொன்றில் பத்தே பங்குகள் வைத்திருக்கும் பெண், ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, இயக்குநர்கள் அவ்வளவு சம்பளத்துக்கு என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்கிறாள். மேடையில் வயதான நடிகை ஒருவர் செய்த வேடம் அது, ஜூடிக்காக மாற்றினார்கள். எளிய கேள்வியை மரியாதையாகக் கேட்டே ஒரு கூட்டத்தை நிலைகுலைய வைப்பதில் அவருக்கு நிகர் இல்லை. ‘ஃபுல் ஆஃப் லைஃப்’ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கர்ப்பிணியாக நடித்தார், நன்றாகவே நடித்தார்.

அதே 1956 நவம்பரில் பழைய தோழர்கள் வழி காட்டினார்கள். காம்டனும் கிரீனும் அவரை மனதில் வைத்து எழுதி, ஜூல் ஸ்டைன் இசையமைத்த ‘பெல்ஸ் ஆர் ரிங்கிங்’ பிராட்வேயில் தொடங்கியது. கதாநாயகி, வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளை வாங்கிச் செய்தி சொல்லும் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஆபரேட்டர். ஒவ்வொருவருக்கும் ஒரு குரலில் பேசி அவர்கள் வாழ்க்கையில் தலையிடுபவள். சுவிட்ச்போர்டில் வாழ்க்கையைத் தொடங்கியவருக்கு இதைவிடப் பொருத்தமாக யார் எழுத முடியும்? 924 காட்சிகள் ஓடியது. ‘மை ஃபேர் லேடி’யின் ஜூலி ஆண்ட்ரூஸும் போட்டியில் இருந்த ஆண்டில், பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது ஜூடிக்குக் கிடைத்தது. அவர் பயிற்சி பெற்ற பாடகி அல்ல. ‘தி பார்ட்டிஸ் ஓவர்’ பாட்டை அவர் பாடுவதைக் கேளுங்கள். பெரிய குரல்கள் பலவும் பின்னாளில் அதைப் பாடின, ஆனால் தன்னோடு தானே பேசிக்கொள்கிற அந்தத் தொனி யாருக்கும் வரவில்லை. 1960-இல் வின்சென்ட் மின்னெல்லி இதைப் படமாக்கினார், டீன் மார்ட்டின் ஜோடி. அதுவே ஜூடியின் கடைசிப் படம்.

அந்த ஆண்டுகளில் அவருக்குத் துணையாக இருந்தவர் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜெரி மல்லிகன். ‘பெல்ஸ் ஆர் ரிங்கிங்’ படத்தில் அவரும் ஒரு சிறு காட்சியில் வருகிறார். இருவரும் சேர்ந்து பாட்டுகள் எழுதினார்கள். வரிகள் ஜூடி, மெட்டு மல்லிகன். 1961-இல் பதிவு செய்த அந்த இசைத்தட்டு ‘ஹாலிடே வித் மல்லிகன்’ என்ற பெயரில் 1980-இல்தான் வெளியானது. எழுத வேண்டும் என்ற இளம்பருவத்து ஆசையில் ஒரு பங்காவது நிறைவேறியது என்று அதைக் கேட்கும்போது தோன்றும்.

1960-இல் பழம்பெரும் நடிகை லோரெட் டெய்லரின் வாழ்க்கையைச் சொல்லும் ‘லோரெட்’ நாடகத்தில் நடிக்கத் தொடங்கியவர், வெள்ளோட்டத்திலேயே உடல்நலம் கெட்டு விலக நேர்ந்தது. நாடகம் நியூயார்க்குக்கு வரவே இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. 1963-இல் ‘ஹாட் ஸ்பாட்’ என்ற இசைநாடகத்தோடு திரும்பினார். 43 காட்சிகளில் மூடப்பட்டது. 1965 ஜூன் 7 அன்று நியூயார்க்கில் இறந்தார். 44-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. படங்கள் ஏன் குறைவு என்பதற்கு மிக நேரடியான விடை இதுதான். பட்டியல்காரர்கள் சில ஆண்டுகளை எடுத்துக்கொண்டார்கள், நோய் மிச்சத்தை எடுத்துக்கொண்டது.

இனி எங்கே தொடங்குவது என்பது. ‘ஆடம்ஸ் ரிப்’ படத்தில் அந்தச் சிறைக் காட்சியோடு தொடங்குங்கள். மற்ற நடிகர்களோடு வைத்துப் பார்க்கும்போது அவர் எந்த வகையில் தனித்து நிற்கிறார் என்று உடனே தெரியும். அடுத்து ‘போர்ன் யெஸ்டர்டே’. சீட்டாட்டக் காட்சியை இரண்டு முறை பாருங்கள், இரண்டாம் முறை கிராஃபர்டைப் பார்க்காமல் ஜூடியின் விரல்களை மட்டும். மூன்றாவதாக ‘தி மேரியிங் கைண்ட்’. இதை விட்டுவிட்டு நேராக ‘பெல்ஸ் ஆர் ரிங்கிங்’ படத்துக்குப் போகிறவர்கள் அவரை இனிமையான பாட்டுக்காரியாக மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் படம் மேடை நாடகத்தின் நிழல்தான். மின்னெல்லியின் அகலத் திரையில் அவருடைய நுணுக்கங்கள் தூரமாகத் தெரிகின்றன. முதலில் 1956-இல் மேடைக் குழு பதிவு செய்த இசைத்தட்டைக் கேட்டுவிட்டுப் படத்துக்குப் போனால் அந்தக் குறை தெரியாது.